வேலை செய்யாத பூஞ்சை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரர் எழுதுவது. இங்கே அக்கா நலம். முழங்காலைத் தவிர நானும் நலம். அங்கே நீங்களும் கண்ணாடிக் கடையும் கீறல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் மகளின் ஆராய்ச்சி முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசிக்குள் பூஞ்சை அந்த மருந்துப் பொருளைத் தராவிட்டால் படிப்பை விட்டுவிட்டுக் கடையில் வந்து உட்கார வேண்டும் என்று நீங்கள் சொன்னதிலிருந்து பிள்ளை இங்கே எங்கள் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதனால் போன வாரம் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு நானே சாப்பாடு கொண்டுபோனேன். அந்த மருந்துப் பொருளைப் பாலிகீடைடு வகை என்கிறார்கள். பூஞ்சைக்குள் ஒரு நொதி, இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துச் சங்கிலி செய்கிறதாம்; அதே நொதி, திரும்பத் திரும்ப அதே வேலை, பிறகு சங்கிலியை மடித்து வளையமாக்கினால் மருந்து. சைக்கிள் சங்கிலித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இது புரியாதா? எத்தனை கண்ணியோடு நிறுத்துவது என்று அதற்கு யார் சொல்வார்கள் என்று கேட்டேன். அது முழுசாக யாருக்கும் தெரியாதாம். இவளுடைய பூஞ்சையிடம் செய்முறை இருக்கிறது, செய்யத்தான் மாட்டேன் என்கிறது. வேளாவேளைக்குச் சாப்பாடு, கேட்பதற்கு ஆளில்லை, அது ஏன் செய்யப்போகிறது? அவள் கை கழுவப் போனபோது பூஞ்சை வளர்க்கும் ஒரு தட்டின் மூடியைத் திறந்து, எங்கள் தொழிற்சாலை வழக்கப்படி தூசி போக நன்றாக ஊதிவிட்டுப் பார்த்தேன். சங்கிலியை ஊதாமல் பார்ப்பவன் மேற்பார்வையாளனே இல்லை. இன்று அந்தத் தட்டில், பூஞ்சைக்குப் பக்கத்தில், என் வாய்க் கிருமி வெள்ளை வெள்ளையாகக் குடித்தனம் வந்திருக்கிறதாம். “பரவாயில்ல மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு மனசே சரியில்லை. நீங்களே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். வழியில் அவளை எதுவும் சொல்லாதீர்கள்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசிகள்.

பி.கு.: தபாலில் சேர்க்க மறந்து சில நாளாகிவிட்டது. நீங்கள் வர வேண்டாம். பக்கத்தில் எதிரி வந்ததும் பூஞ்சைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து தட்டெல்லாம் மஞ்சளாக்கிவிட்டது. சோதித்துப் பார்த்தார்கள், அதே பொருள்தான். இப்போது அந்தக் கிருமி இன்னும் வேண்டுமாம். “நாளைக்குப் பல் தேய்க்காம வாங்க மாமா. ஆராய்ச்சி முடியற வரைக்கும் பல் டாக்டர் பக்கமே போயிடாதீங்க” என்கிறாள். உங்கள் அக்கா தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.