காந்தாவை விசாரிக்க வந்தவர்

"மொழி படிக்கணும்னா மெட்ராசுல படிக்கட்டும், அதுக்கு எதுக்குக் கடலத் தாண்டி..."

"நான் சொல்றத மொதல்ல..."

"...தாண்டிப் போயி, அங்க படிச்சா இங்க மார்க்கு போடுவாங்களாம். எங்கனா நடக்குமா இது?"

"தெருவுல ஒரு ஆளு வந்து காந்தாவப் பத்தி விசாரிச்சுட்டுப் போயிருக்கான். அதச் சொல்ல வந்தா வாயத் தொறக்க வுடறீங்களா?"

தர்மன் வாயை மூடிக்கொண்டார். மனைவி ரேணுகாம்பாளுக்கும் மேற்கொண்டு கத்த ஆள் இல்லாமல் போயிற்று.

தர்மனுக்குப் பிள்ளையார்பாளையத்தில் வீட்டை ஒட்டியே சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிற கை, எதையும் சட்டென்று நம்பாது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு நிறம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெயிலில் கொண்டுபோய் உதறிப் பார்க்காமல் நல்ல நிறம் என்று சொல்லமாட்டார். மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான். கல்யாணத்தன்று ரேணுகாம்பாளையே வாசல்பக்கம் கூட்டிப்போய் ஒருமுறை பார்த்தார் என்று சொந்தக்காரர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

அவருடைய ஒரே மகள் காந்தா மெட்ராசில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் கல்லூரியில் பி.ஏ. படித்தாள். அங்கே ஸ்பெயின் தேசத்து சிஸ்டர் ஒருத்தி அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்க, இவளுக்கு அது பிடித்துப்போயிற்று. இந்த வருஷம் இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் அந்த தேசத்துக்கே அனுப்புகிறார்கள். மொழி, அவர்களுடைய ஆட்டம், ஓவியம், திருவிழா எல்லாம் அங்கே இருந்து படிக்க வேண்டும். படித்ததை இங்கே பட்டத்துக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஒருத்தி காந்தா.

தர்மன் இதை நம்ப மறுத்தார். ராத்திரி பத்து மணிக்குமேல் சாப்பிடுகிற ஊர் என்ன ஊர் என்றார். மைதானத்தில் மாட்டைக் குத்திக் கொல்வதைக் காசு கொடுத்துப் பார்ப்பார்களாமே, அதற்கும் மார்க்கு உண்டா என்று கேட்டார். கடைசியில் கல்லூரித் தலைவியே காரில் வந்து உட்கார்ந்து விளக்கினாள். வெள்ளை உடையைப் பார்த்ததும் தர்மனுக்கு மறுப்புச் சொல்ல வரவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். கார் தெருமுனை திரும்பியதிலிருந்து ரேணுகாம்பாளோடு சண்டை.

அந்தச் சண்டையின் நடுவில்தான் இந்தச் சேதி வந்தது.

விசாரித்தவனிடம் பேசியவள் எதிர்வீட்டுப் பூவம்மாள். வெள்ளைச் சட்டை, கையில் குடை. பெண் எப்படி, குடும்பம் எப்படி, வீட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள், பெண் வெளிதேசம் போகிறதாமே என்றெல்லாம் கேட்டானாம். பூவம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நேரே பெண் வீட்டுக்கா வருவார்கள்? முதலில் அக்கம்பக்கத்தில்தான் விசாரிப்பார்கள். அப்போது பெண்ணைத் தூக்கிப் பேசவேண்டியது எதிர்வீட்டின் கடமை. பூவம்மாள் அதில் குறை வைக்கவில்லை.

"பொண்ணு வாசலத் தாண்டாதுன்னு சொன்னேண்ணே. தலைய நிமிர்ந்து பாக்காதுன்னேன். ஸ்பெயினாவது ஒண்ணாவது, எவனோ வயித்தெரிச்சல்ல கட்டிவுட்ட கதைன்னு சொல்லிட்டேன்."

தர்மனுக்குப் பூவம்மாள் பேச்சு முதன்முதலாக இனித்தது. நல்ல இடமாக அமைந்தால் ஸ்பெயினைத் தானாகவே கைகழுவலாம். அன்று பட்டறையில் அரக்குச் சாயம் காய்ச்சும்போது, மகளுக்குக் கூரைப்புடவையும் இதே நிறத்தில்தான் என்று முடிவுசெய்துகொண்டார்.

சனிக்கிழமை காந்தா பஸ்ஸில் வந்து இறங்கினாள். விஷயத்தைக் கேட்டவள் தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"நைனா, அது மாப்பிள்ளை வீடு இல்ல. பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வந்த போலீசு."

"போலீசு எங்கனா குடை எடுத்துக்கினு வருமா?"

"மப்டில வருவாங்க. எங்கூட வர்ற பொண்ணு வீட்டுக்கும் அப்படித்தான் வந்தாங்களாம். வெளிநாடு போறவ எப்படிப்பட்டவன்னு விசாரிச்சா, போகவே போறதில்லன்னு எதிர்வீட்டம்மா சொல்லி வெச்சிருக்காங்க."

மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் வராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். காந்தா அழவில்லை. "ரெண்டு வருசமா படிச்சேன் நைனா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த ஒரு வார்த்தை தர்மனை என்னவோ செய்தது. போதாததற்கு ரேணுகாம்பாள் வேறு பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தாள்: பெண் ஸ்பெயின் போகவில்லை என்று தெரு பேசாது, போலீஸ் விசாரித்துவிட்டு வேண்டாமென்று சொன்ன பெண் என்றுதான் பேசும். அப்புறம் எந்த மாப்பிள்ளை வருவான்?

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லலாம் என்றாள் காந்தா. வலியப் போனால் நம்மிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள் என்றார் தர்மன். அந்த ஆள் மறுபடி வருவான், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று பட்டறை வாசலிலேயே நின்றார்.

குடை வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குடை ரிப்பேர் செய்கிறவனை நிறுத்தி, என் பெண் நிச்சயம் ஸ்பெயின் போகிறாள் என்று அடித்துச் சொன்னார். அவன் கம்பி மாற்றவேண்டுமா என்று கேட்டான். போலீஸ் போட்டிருக்கும் வேஷம்தான் இது என்று மெச்சியபடி, நல்ல குடை ஒன்றை அவனிடம் கொடுத்து ரிப்பேர் செய்துகொண்டார். இதைப் பார்த்த பூவம்மாள், நான் கட்டிக்காத்த மானத்தைத் தெருவில் போகிறவனிடம் எல்லாம் இவரே கெடுக்கிறாரே என்று கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

திங்கட்கிழமை அந்த ஆளே வந்தார். பூவம்மாள் ஜன்னலிலிருந்து கைகாட்டியதும், சாயத் தொட்டியில் முழங்கைவரை கை வைத்திருந்த தர்மன் அப்படியே ஓடிவந்து அவர் தோளைப் பற்றினார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் அரக்கு நிறத்தில் பதிந்தன. அதைத் துடைக்கப்போய் இன்னும் ஐந்து விரல்.

"பரவால்ல, வுடுங்க," என்றார் அவர், ஒரு அடி பின்வாங்கி.

வீட்டுக்குள் உட்காரவைத்துத் தர்மன் மூச்சுவிடாமல் பேசினார். பூவம்மாள் சொன்னது அத்தனையும் பொய் என்றார். "என் பொண்ணு வாசலத் தாண்டுவா சார். கடலையே தாண்டுவா. யாருக்கும் பயப்படமாட்டா, எங்கிட்டயே எதுத்துப் பேசுவா." சாட்சிக்குக் காந்தாவைக் கூப்பிட்டு அந்த மொழியில் பேசச் சொன்னார்.

காந்தா வெட்கப்பட்டுக்கொண்டே, "புவேனஸ் தியாஸ், செஞோர்," என்று ஆரம்பித்து நாலு வாக்கியம் பேசினாள். வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டார்.

பிறகு மெல்ல, சமையல் எல்லாம் தெரியுமா என்று கேட்டார்.

"அங்க ஆஸ்டல்ல போட்டுடுவாங்க சார்."

உங்களுக்குப் பூர்வீகம் மாகறல் பக்கமாமே என்றார். தர்மன் ஆமென்றார். பெண்ணுக்கு என்ன நட்சத்திரம் என்றார்.

தர்மனுக்குச் சுருக்கென்றது. போலீசுக்கு நட்சத்திரம் எதற்கு? உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி, வந்தவரை நாற்காலியோடு வாசல் வெயிலுக்கு நகர்த்தினார். நூல் கண்டைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். தொப்பை. சாந்தமான முகம். நெற்றியில் விபூதி. காலில் ரப்பர் செருப்பு. இது எந்த வெயிலில் பார்த்தாலும் போலீஸ் இல்லை. பூவம்மாள் சொன்னதுதான் சரி. வந்திருப்பது மாப்பிள்ளை வீடு. இவ்வளவு நேரம் தன் வாயாலேயே எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாயிற்று.

"சார், நான் மொதல்ல சொன்னேனே, அதெல்லாம் சும்மா," என்றார். "பொண்ணு எங்கயும் போவல. வத்தக்குழம்பு வெச்சா தெருவே மணக்கும்."

"நைனா," என்றாள் காந்தா.

"பாத்தீங்களா, அதிர்ந்துகூடப் பேசாது."

கதவுக்குப் பின்னால் ரேணுகாம்பாள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. வந்தவர் காந்தாவைப் பார்த்தார், தர்மனைப் பார்த்தார். "அப்ப ஸ்பெயின்ல பேசற பாஷை?" என்றார்.

"ரேடியோவுல கேட்டுக் கத்துக்கினா சார்."

அந்த நேரம் பார்த்து, ரேணுகாம்பாள் சொல்லியனுப்பிய சோடாவோடு கடைக்காரன் சிட்டிபாபு வந்தான். நாற்காலியில் இருப்பவரைக் கண்டதும் மடித்துக்கட்டிய வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டான். "ஏட்டய்யா, நீங்களா? இன்னா இங்க, யாருனா மாட்டிக்கினாங்களா?" என்றான்.

அப்படியானால் இவர் போலீசேதான். ஏட்டு வீராசாமியைப் பற்றித் தர்மனும் கேள்விப்பட்டிருக்கிறார். அரக்குக் கைகளைக் கூப்பினார்.

"போவா சார். கண்டிப்பா போவா."

"இப்பதானே போவலன்னீங்க."

"எதச் சொன்னா பாஸ்போர்ட்டு குடுப்பீங்களோ, அதான் சார் நெஜம்."

வீராசாமி சோடாவை நிதானமாகக் குடித்து முடித்தார். ஏப்பமும் விட்டார்.

"அந்தம்மா பேச்சக் கேட்டா நான் எழுதுவேன்? காலேஜுல விசாரிச்சு, தங்கமான பொண்ணு, தாராளமா போவலாம்னு போன வாரமே எழுதி அனுப்பிட்டேன். அடுத்த வாரம் பாஸ்போர்ட்டு வந்துடும்."

காந்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த தர்மனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அப்ப... இன்னிக்கு எதுக்கு சார் வந்தீங்க?"

வீராசாமி குடையை எடுத்துச் சுவர் மூலையில் பத்திரமாகச் சாத்திவைத்தார். தோளில் இருந்த அரக்கு விரல்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எங்களுக்கும் மாகறல்தான், எம்பையனுக்குப் பொண்ணு கேக்கலாம்னு வந்தேன், இப்ப சொல்லுங்க, பொண்ணு ஸ்பெயினுக்குப் போவுதா, இல்லியா?"