அறுபது வெற்றுக்கோதும் ஒரு பலகார டின்னும்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பு வரை போய், காஸ் அடுப்பை நிறுத்தினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போகும்போது, பார்க்க வந்த அவசரத்தில் கதவைச் சரியாகப் பூட்டினேனா என்ற சந்தேகம் வரும். (ஒருமுறை இப்படியே மூன்று பஸ்ஸை விட்டேன். நாலாவது பஸ் எனக்காக நிற்கவேயில்லை.) துவக்குச் சத்தம் கேட்காத இடம் வேண்டும் என்று ஊரை விட்டு ஓடி வந்தவன் நான். அப்படிப்பட்டவன் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், வீட்டிலிருந்து ரைபிள் தோட்டா நிரப்பப் பழகினேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். என் மனைவி ராஜி இன்றுவரை நம்பவில்லை.

காரணம் பக்கத்து வீட்டு ஹரோல்ட். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைபிள் கிளப்பில் கடதாசி இலக்கைச் சுடுவார். பொலிஸ் கொடுத்த லைசென்ஸ், பூட்டிய இரும்புப் பெட்டி எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தவர். சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கோதை அவர் எறிவதில்லை. துப்புரவாக்கி, வெடிமருந்து அளந்து போட்டு, புதுக் குண்டு பொருத்தித் திரும்பவும் பாவிப்பார். கடையில் வாங்குவதைவிடக் கையால் நிரப்பியது இலக்கில் நேராகப் போகுமாம். தோட்டத்துக் கொட்டிலில் அவர் அதைச் செய்வதை வேலிக்கு மேலால் பார்த்தேன். சின்னத் தராசில் மருந்தை நிறுத்தார். திரும்பவும் நிறுத்தார். மூன்றாம் தரமும் நிறுத்தார். என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. உலகத்தில் என்னைப் போல இன்னொரு மனிதன்.

என் காஸ் அடுப்புக் கதையை அவருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பயமில்லாதவன் இந்த வேலைக்குக் கிட்டவும் வரக்கூடாது, நீ இதற்கென்றே பிறந்தவன் என்றார். முப்பத்தைந்து வயது வரை என் பயத்தை யாரும் ஒரு தகுதியாகக் கணக்கெடுத்ததில்லை. அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

ஒரு புத்தகமும் இரவல் தந்தார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கண்டால் கை வேர்க்கும். ஆனால் இதில் முதல் பத்துப் பக்கமும் எச்சரிக்கைதான். இதைச் செய்யாதே, அதை மறக்காதே, சந்தேகம் வந்தால் முதலிலிருந்து தொடங்கு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழமையில் வாசித்து முடித்தேன். எனக்காகவே யாரோ எழுதிய புத்தகம் போல இருந்தது.

ஹரோல்டின் சட்டம் கடுமையானது. முதல் மாதம் வெற்றுக்கோது மினுக்குவது மட்டும். மருந்துப் பக்கமே போகக்கூடாது. அறுபது கோதைப் பையில் போட்டுத் தந்தார். இதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று மூன்று தரம் கேட்டேன். வெறும் பித்தளை, பூச்சாடி மாதிரி என்றார். எதனால் மினுக்குவது என்று கேட்க மறந்துவிட்டேன். பித்தளை என்றால் எங்கள் வீட்டில் புளிதானே. குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் கரைத்து ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் ஒவ்வொன்றையும் மூன்று தரம் தேய்த்துக் கழுவி, குசினி யன்னலோரம் நிரையாக நிறுத்தினேன். வெயில் பட்டதும் பவுண் போல மின்னின.

அந்தச் சனிக்கிழமைதான் என் தங்கச்சி வசந்தியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் கிழக்கு லண்டன் குட்மேய்ஸிலிருந்து வருவதாக இருந்தது. அதற்கு முன் பேசிய இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயிருந்தன. அதில் ஒன்று, அண்ணன்காரன் படிக்காதவன் என்பதால். இந்த மாப்பிள்ளையைப் படத்தில் பார்த்தே அவளுக்குப் பிடித்திருந்தது. இதுவும் குழம்பினால் பிறகு ஒருவரையும் கூட்டிவரவேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லியிருந்தாள்.

மூன்று மணிக்கு வருகிறோம் என்றார்கள். எங்கள் ஆட்களின் மூன்று மணி நாலரைக்குத்தான் வரும் என்று நான் ஆறுதலாக இருந்தேன். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பன் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சரியாக மூன்றுக்கு அழைப்பு மணி அடித்தது. யன்னலோரம் அறுபது கோதும் அணிவகுத்து நிற்கின்றன. ஊரில் சண்டை நடந்த அந்த நாளில் ஒரு யாழ்ப்பாணத்தான் வீட்டில் தோட்டாக் கோதைக் கண்டால், ஆட்கள் கடதாசி இலக்கையா நினைப்பார்கள்?

கையில் அகப்பட்டது ஒரு நீல நிற பிஸ்கட் டின். அந்த அவதியிலும் கீறல் விழக்கூடாது, கிலுங்கவும் கூடாது என்று இடையிடையே கிச்சின் பேப்பர் வைத்து நெருக்கி அடுக்கி, மூடி, டேப்பும் ஒட்டி, பிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். அங்கே ஏற்கெனவே அதேபோல் இன்னொரு நீல டின் இருந்தது. அதற்குள் ராஜியின் பயத்தம் பணியாரம். (மேலும் சொல்ல வேண்டுமா?)

வந்தவர்கள் சிரித்துப் பேசினார்கள். மாப்பிள்ளையும் வசந்தியும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் பார்த்தார்கள். என் படிப்பை யாரும் கேட்கவில்லை. வெளிக்கிடும்போது, அவர்களின் கார் ரிவர்ஸ் எடுக்கையில் ஹரோல்டின் காரில் முட்டிவிடுமோ என்ற பயத்தில் நான் றோட்டில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தேன். ஆளை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதை ராஜி உள்ளே கவனித்துக்கொண்டாள்.

கார் போனபின் குசினிக்கு வந்தேன். பிரிட்ஜுக்கு மேலே ஒரு டின். அதில் டேப் இல்லை.

"ராஜி, மற்ற டின் எங்கை?"

"அவைக்குக் குடுத்துவிட்டன். நல்ல வடிவா டேப்பும் ஒட்டி வைச்சிருந்தியள்."

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. போன் எடுத்து என்ன சொல்வது? செவ்வாய்க்கிழமை அவர்களே எடுத்தார்கள். "தம்பி, எங்களுக்குப் பூரண சம்மதம்," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "சீதனப் பேச்சே வேண்டாம். கெதியா கலியாணத்தை ஒப்பேத்திப்போடுவம்."

பூரண. பேச்சே. கெதியா. மூன்று சொல்லிலும் எனக்கு டின்னைத் திறந்து பார்த்தவரின் நடுக்கம் கேட்டது.

டின்னுக்குள் இருந்ததைச் சொன்னபிறகும் ராஜிக்கு அது கேட்கவில்லை. "அவையே ஓம் எண்டினம். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ," என்றாள். வசந்தி பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடி நான் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் பயத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா? பயத்தில் சொன்ன ஓம் எத்தனை நாளைக்கு நிற்கும்? அந்த வீட்டில் அவள் எப்படி வாழ்வாள்?

புதன்கிழமை அரை ஷிப்டோடு லீவு போட்டு, பயத்தம் பணியார டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரயிலேறி குட்மேய்ஸ் போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றுமுன்பே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

"ஐயா, அது வெறும் கோது. மினுக்கத்தான் வைச்சிருந்தனான். உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நாங்கள் உங்களை ஒண்டும் செய்யமாட்டம்."

(இப்போது யோசித்தால், மிரட்டுகிறவர்களும் இப்படித்தான் பேசுவார்கள்.)

ஸ்டேஷன் மாஸ்டர் "என்ன கோது?" என்று மனைவியைப் பார்த்தார். அவ எழும்பிப்போய், அறைக்குள் அலுமாரிக்கு மேலிருந்து நீல டின்னைக் கொண்டுவந்தா. நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. ஐயாவுக்குச் சீனி வருத்தமாம், இனிப்பு ஆகாதாம். அதனால் வந்த அன்றே ஒளித்துவைத்துவிட்டா.

"நாலு நாளா வீட்டிலை பலகாரம் இருந்திருக்கு," என்றார் அவர் மனைவியிடம் மெதுவாக. "நான் கேக்க, அவை ஒண்டும் தரேல்லையெண்டு சொன்னனீ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் திறக்கவேயில்லை. ஓம் என்றது மனதார. சீதனம் வேண்டாம் என்றது மகனின் பிடிவாதம். கெதியா என்று அவசரப்படுத்தியது கலியாண ஹோல் கிடைத்ததால். நான் வீட்டில் சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் அவர் டேப்பை உரித்துவிட்டார். அறுபது கோதும் ஒன்றாகப் பளபளத்தன. மூன்றாவது சம்பந்தமும் என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஹரோல்ட், கிளப், கடதாசி இலக்கு என்று ஏதேதோ உளறினேன். அவர் ஒரு கோதை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு அதன் வாயைக் கீழ் உதட்டில் வைத்து ஊதினார். பிளாட்போம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு விசில்.

இன்னொரு தரமும் ஊதிவிட்டு, "விசில் ஊதியாச்சு, தம்பி," என்றார். "இனி வண்டியை நிப்பாட்டேலாது."

அவரின் மனைவிக்கு வேறு கவலை. எதனால் மினுக்கினேன் என்று கேட்டா. புளி என்றேன். தானும் புளிதான் போடுகிறாவாம், தங்கள் விளக்கு இப்படி வருவதில்லையாம். அன்று பின்னேரம் முழுக்க அவர்கள் வீட்டுக் குத்துவிளக்கு இரண்டையும் மூன்று தரம் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்திலிருந்து, மனைவி பார்க்காத நேரமாகப் பார்த்து, பயத்தம் பணியாரம் சாப்பிட்டார்.

கலியாண மேடையிலும் என் கையால் மினுக்கிய விளக்குத்தான் எரிந்தது. ஹரோல்ட் டை கட்டி வந்து முன்வரிசையில் இருந்தார். அடுத்த மாதம் என்னைத் தராசடிக்கு விட்டார். கிளப்பில் என் பட்டப்பெயர் 'மூன்று தரம்'.

இன்றைக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பலகார டின் போனால், குட்மேய்ஸ் பக்கத்துச் சொந்தக்காரர் எல்லாரும் அதைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். வசந்தியின் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். ஆட்டட்டும். நான் அடுக்கிய டின் கிலுங்காது என்பதை இன்னும் ஒருவரும் யோசிக்கவில்லை.