உக்காந்துபாரு போட்ட கோடு

மதுரை வெயிலுக்குப் பயப்படாத ஆளை நான் பார்த்ததில்லை, ஒரே ஒருவரைத் தவிர. அவரைப் பார்த்து வெயில்தான் பயந்தது. சும்மா அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் சித்திரை மாதம் மதியம் மூன்று மணிக்கு விளாங்குடியில் மேற்குப் பார்த்த என் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து, சுவரில் கன்னத்தை வைத்து அதன் குளிர்ச்சியைப் பார்க்கலாம். இதுவரை பதினொரு பேர் வைத்துப் பார்த்துவிட்டார்கள். அதில் ஒருவர் நின்றபடியே தூங்கிவிட்டார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் 'உக்காந்துபாரு' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். அவரைத் தெரிந்த எல்லோருடைய போனிலும் அப்படித்தான் இருக்கிறது. புது வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பது அவர் தொழில். என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

"அண்ணே, ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம்?"

"உக்காந்து பாருங்கண்ணே."

"லைட்டு எங்க வைக்கலாம்?"

"உக்காந்து பாருங்கண்ணே, தன்னால தெரியும்."

அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அண்ணே என்பேன். எங்களில் மூத்தவர் யார் என்பது கடைசிவரை தீரவில்லை.

கதைக்கு வருகிறேன். இந்த வீட்டை நான் வாங்கியதில் என் மனைவி அமலிக்குத் துளியும் இஷ்டமில்லை. அமலி மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினெட்டு வருடமாக வில்லாபுரத்தில் ஒரே வாடகை வீட்டில் குடியிருந்தோம். சொந்த வீடு என்றதும் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்து, முடித்துவிட்டுத்தான் சொன்னேன். அவள் குதித்தாள், ஆனால் வேறு மாதிரி.

"மேக்க பாத்த வீடு, அதுவும் மூணாவது மாடி. நீங்க வேணா போயி வெந்து கெடங்க. நான் இந்த வீட்டை விட்டு வாரதா இல்ல."

கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். எத்தனையோ முதல்வர்களைச் சமாளித்திருக்கிறேன். அமலியிடம் அந்த வித்தை எதுவும் செல்லுபடியாகவில்லை. முழு ஆண்டுத் தேர்வு முடிகிற வாரத்தில் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க ஃபாதரிடம் நாள் வாங்கிவிட்டேன். அதற்குள் அவள் மனம் மாறாவிட்டால், மந்திரித்த வீட்டில் நான் மட்டும் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூன்று நாள் பேசாமல் இருந்தவள், நாலாம் நாள் ஒரே ஒரு சலுகை கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரி மாதிரி பளபளன்னு பண்ணிராதீங்க. மண்ணும் மரமுமா இருந்துச்சுன்னா, வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போறேன்."

அதைப் பிடித்துக்கொண்டு ஒரு அலங்காரக்காரரைக் கூப்பிட்டேன். அவர் லேப்டாப்பைத் திறந்து 'இயற்கை லுக்' என்று படம் காட்டினார். சுவர் முழுக்க பிளாஸ்டிக் இலை, பால்கனியில் பிளாஸ்டிக் புல், கதவில் மரம் மாதிரி ஒட்டுகிற ஸ்டிக்கர். அமலி எட்டிப் பார்த்துவிட்டு, "பசு மாடு மட்டும் நெசமா, இல்ல அதுவும் ஸ்டிக்கரா?" என்று கேட்டாள். அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டு போனவர்தான்.

பிறகுதான் அலுவலக நண்பர் ஒருவர் உக்காந்துபாருவைப் பற்றிச் சொன்னார். "கூப்பிட்டா உடனே வந்துருவாரு. என்ன ஒண்ணு, வேலையத்தான் ஆரம்பிக்க மாட்டாரு."

வந்தார். ஒல்லியான உடம்பு, அரைக்கை வெள்ளைச் சட்டை, கக்கத்தில் சுருட்டிய கோரைப் பாய், சட்டைப் பையில் நாலு சாக்பீஸ். டேப் கிடையாது, லேப்டாப் கிடையாது. வீட்டுக்குள் நுழைந்து, டைல்ஸ் ஒட்டாத சிமெண்ட் தரையில் பாயை விரித்து உட்கார்ந்தார். நானும் மரியாதைக்கு உட்கார்ந்தேன். மதியம் ஒரு மணிக்கு பால்கனி வழியாக வெயில் தரையில் எட்டிப் பார்த்தது. அவர் எழுந்துபோய், வெயில் முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டு 'மணி 1' என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார். அரை மணிக்கு ஒரு கோடு. வெயில் நகர நகரப் பாயும் நகர்ந்தது. ஆறரை மணிக்கு ஹால் முழுக்கக் கோடு. எனக்கு இடுப்பு போய்விட்டது. அவர் வெயிலைக் கடைசிவரை வழியனுப்பிவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பாக்கணும்ணே" என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கிளம்பிப் போன பிறகு, அடுக்ககத்தில் கூட்டித் துடைக்கிற அக்கா, "என்னா சார், தரையெல்லாம் இம்புட்டுக் கிறுக்கி வச்சிருக்காங்க" என்று மொத்தத்தையும் ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்டார். மறுநாள் உக்காந்துபாருவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். அவர் சுத்தமான தரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாயை விரித்தார். மறுபடி மூன்று நாள். வாட்ச்மேன், "சார், அவரு எதுவும் உண்ணாவிரதம் இருக்காரா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

கோடு போட்டு முடித்ததும் கேள்விகள் ஆரம்பித்தன. மற்றவர்கள் கலர் கேட்பார்கள், மார்பிளா டைல்ஸா என்பார்கள். இவர் கேட்டது வேறு.

"வீட்டுல சண்டை வந்தா யாருண்ணே மொதல்ல எந்திரிச்சுப் போவா?"

"நாந்தாண்ணே."

"எங்க போவீங்க?"

"முக்குல டீக்கடைக்கு."

"அப்ப உங்களுக்கு இடம் வேணாம்" என்று விரலை மடக்கிக்கொண்டார். "டீச்சரம்மா எங்க உக்காருவாங்க?"

"அடுப்படியில."

"பேப்பர் திருத்துறது?"

"மேசையில. அதுக்குன்னே தேக்கு மேசை வாங்கிப் போட்டிருக்கேன்" என்றேன் பெருமையாக.

இந்தத் தடவை அவர் விரலை மடக்கவில்லை. நம்பவில்லை என்பது தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், பீரோவை அளவெடுக்க வேண்டும் என்று வில்லாபுரம் வீட்டுக்கு வந்தார். ஒரு பீரோவை ஒரு மனிதர் இரண்டு மணி நேரம் அளந்ததை அன்றுதான் பார்த்தேன். அதுவும் முழம் போட்டு. அமலி இரண்டு தடவை காப்பி கொடுத்தாள். மூன்றாவது தடவை, "ஏங்க, அந்தப் பீரோவை அவருக்கே குடுத்துருங்க" என்று என் காதில் சொன்னாள். அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. அவர் கண் பீரோவிலும் இல்லை.

மறுநாள் புது வீட்டில் என்னைப் பாயில் உட்காரவைத்தார்.

"அண்ணே, டீச்சரம்மாவுக்கு வலது முழங்கால் மடங்காது, தெரியுமா?"

"தெரியுமே" என்றேன். தெரியாது.

"அந்த மேசையில உக்காந்து அவங்க எம்புட்டு வருசமாச்சு?"

யோசித்தேன். மேசை கண்முன் வந்தது. மேலே என் பழைய பேப்பர் கட்டு, என் ரேடியோ, என் கண்ணாடிக் கூடு, என் மருந்து டப்பா. அமலியுடையது என்று ஒரு குண்டூசி அதில் இல்லை.

"பின்வாசப்படியிலதான் உக்காருறாங்க" என்றார். "நிலையில முதுகைச் சாச்சு, வலது காலைக் கீழ்ப்படியில நீட்டி, மடியில பேப்பரு. வெளிச்சம் நகர நகரக் கொஞ்சங் கொஞ்சமா நகந்துக்கிர்றாங்க. லைட்டே போடல. என்னை மாதிரியே உக்காருறாங்கண்ணே. மூணாவது மாடியில பின்வாசல் ஏது? அதான் அவங்க வரமாட்டேங்கிறாங்க. வெயிலுக்குப் பயந்துக்கிட்டு இல்ல."

பதினெட்டு வருடமாக நான் கடந்து போன வாசப்படி அது. டீக்கடைக்குப் போகும்போது அவள் காலைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். பீரோவை அளக்க வந்த மனிதர் இரண்டு மணி நேரத்தில் பார்த்ததை நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவரைப் பார்க்கப் பிரமிப்பாகவும் இருந்தது.

அதற்கப்புறம் அவர் வேலை செய்த வேகத்தைச் சொல்லி மாளாது. கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் என்று அலங்காரத் தட்டு போடலாமா என்றேன். "மேல ஏற்கனவே ஒரு கூரை இருக்கேண்ணே, அதுக்கு எதுக்கு ஜட்டி?" என்றார். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவில் இருந்த அலுமினியக் கதவைக் கழற்றி, அகலமான மர நிலை வைத்தார். தரைக்குச் சுட்ட மண் ஓடு. பால்கனிக்கு மூங்கில் தட்டி, அதற்குள்ளே வெட்டிவேர்த் தட்டி. சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து. அதில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைக் கலந்தார்.

கருப்பட்டி என்றால் எறும்புக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அடுத்த நாள் காலையில் அடுக்ககச் செயலாளர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சார், தரைத்தளத்துல இருந்து மூணாவது மாடி வரைக்கும் எறும்பு வரிசை கட்டி வருது. லிப்ட்ல கூட வருது சார்!"

உக்காந்துபாரு சாந்துக் கரண்டியைக் கீழே வைக்காமல், "சாந்து நல்ல பதம்னு அதுக சர்டிபிகேட் குடுக்குதுக. காஞ்சா போயிரும்" என்றார். காய்ந்தது, போய்விட்டன. அதன் பிறகு அந்தச் செயலாளர்தான் சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கியவர்.

மந்திரிப்பு நாள் வந்தது. சாயங்காலம் அஞ்சு மணி. அமலி தேர்வுத்தாள் கட்டோடு நேரே பள்ளியிலிருந்து வந்து இறங்கினாள். வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "ஃபாதருக்காக வாரேன். ஜெபம் முடிஞ்சதும் வில்லாபுரம் போயிருவேன்."

ஜெபம் நடந்தது. ஃபாதர் ஒவ்வொரு அறையாகத் தீர்த்தம் தெளித்தார். தெளித்த கையோடு அவரும் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லோரும் பிரியாணிக்குக் கீழே இறங்கிப் போனார்கள். திரும்பிப் பார்த்தால் அமலியைக் காணோம். கிளம்பிவிட்டாள் என்றே நினைத்தேன். முதலில் எங்கே தேடினேன் தெரியுமா? அடுப்படியில். என் புத்தி அவ்வளவுதான்.

பால்கனி வாசலில் இருந்தாள். மர நிலையில் முதுகைச் சாய்த்து, அதற்குக் கீழே உக்காந்துபாரு போட்டிருந்த கருங்கல் படியில் வலது காலை நீட்டி, மடியில் தேர்வுத்தாளோடு சிவப்புப் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தாள். தட்டி வழியாக வடிந்த வெளிச்சம் சரியாக அவள் மடியில் விழுந்தது. வெயில் அடிக்கிற வெயிலாக இல்லை, சொன்னபடி கேட்கிற வெயிலாக இருந்தது. ஆறு நாள் போட்ட கோடுகள் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எப்பக் கெளம்பணும்?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. "இன்னும் பதினாறு பேப்பர் இருக்கு" என்றாள். ஒரு தாளைத் திருப்பினாள். "வில்லாபுரத்து வீட்டுக்காரம்மாகிட்ட, இந்த மாசத்தோட சாவியக் குடுத்துர்றோம்னு சொல்லிருங்க."

ஹால் மூலையில் உக்காந்துபாரு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். படியில் ஒரே ஒரு சாக்பீஸ் கோடு மிச்சம் இருந்தது. "அதை மட்டும் அழிச்சுராதீங்க. சித்திரைக் கோடு. ஐப்பசியில தட்டிய எம்புட்டு எறக்கணும்னு அதை வச்சுத்தான் பாக்கணும்" என்றார்.

"அடிக்கடி வந்து பாருங்கண்ணே" என்றேன்.

"வேலை முடிஞ்ச வீட்டுக்கு நான் போறதில்லண்ணே. போனா எதையாச்சும் மாத்தத் தோணும். கோடு போட மட்டுந்தான் போவேன்." பிரியாணிகூடச் சாப்பிடாமல், பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சொன்ன மாதிரியே வரவில்லை. ஈஸ்டருக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. அமலியின் பிறந்த நாளுக்குக் கூப்பிட்டோம். "உக்காந்து பாருங்க, அதுவே போதும்" என்று போனை வைத்துவிட்டார். துடைக்கிற அக்கா வரும்போதெல்லாம் அமலி ஓடிப்போய், "அந்தப் படியில மட்டும் தண்ணி படக்கூடாதுக்கா" என்று காவல் நிற்பாள். ஒரு வருடமாக அந்தக் கோட்டில் ஒரு சொட்டு ஈரம் பட்டதில்லை.

நேற்று சாயங்காலம் நான் டீக்கடையிலிருந்து திரும்பி வந்தபோது படி பளிச்சென்று ஈரமாக இருந்தது. கோட்டைக் காணோம். பதறிப்போய் அமலியைக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து வந்தாள்.

"யாரோ தொடச்சுட்டாங்க போலருக்கு" என்றாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "அவருக்குப் போனைப் போடுங்க. மூணு நாள் ஆகும்ல? மதியச் சாப்பாட்டுக்கு அயிரை மீன் வாங்கிட்டு வந்துருங்க."

அவள் கையில் ஈரத்துணி இருந்தது. போனைப் போட்டேன். நாளைக்கு வருகிறார்.