மிரேயைப் பிடிக்கப் போன அர்மான்

மனைவியின் கைபேசிக்கு அர்மான் அழைத்தபோது, மணி அவருடைய சைக்கிளிலேயே அடித்தது.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கிய பையைத் திறந்து பார்த்தார். பஞ்சர் ஒட்டும் சாமான்களுக்கும் ஈரக் காலுறைகளுக்கும் நடுவில் மிரேயின் கைபேசி துடித்துக்கொண்டிருந்தது. காலையில் அவரேதான் அதைப் பிடுங்கி உள்ளே போட்டிருந்தார். "சைக்கிள் ஓட்டும்போது போன் எதுக்கு? ரெண்டு கையும் கைப்பிடில இருக்கணும்."

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியை விற்று ஓய்வுபெற்ற பிறகும் அர்மானுக்குள் இருந்த வாத்தியார் ஓய்வுபெறவில்லை. மூன்று நாளாக யோன் ஆற்றங்கரையில், அந்தக் காலத்தில் குதிரைகள் படகு இழுத்த பாதையில், மிரேயின் பின்னால் வந்துகொண்டே பாடம் நடத்தினார். "கியரை மாத்து. வலது ஓரமாப் போ. திரும்பறதுக்கு முன்னாடி கை காட்டு."

"யாருக்குக் காட்ட? வாத்துக்கா?" என்று கேட்பாள் மிரேய்.

அவள் ஒவ்வொரு மதகிலும் இறங்கினாள். படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் மதகில் தண்ணீர் நிறைவதையும் வடிவதையும் குழந்தை மாதிரி நின்று பார்த்தாள். மதகுக்காரர் வீட்டு ரோஜாவை முகர்ந்தாள். ஊருக்கு ஒரு தேவாலயம் இருந்தது. எல்லாவற்றுக்கும் உள்ளே போய் வந்தாள். அர்மான் வெளியே நின்று சைக்கிள் மணியை அடித்தார்.

அன்று மதியம், புல்லில் துணி விரித்து ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிடும்போது விஷயம் வெடித்தது.

"மெல்லப் போகத்தானே வந்தோம், அர்மான்?"

"மெல்லன்னா அதுக்கும் ஒரு அளவு இருக்கு. உனக்குப் பதிலா ஒரு நத்தையைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா இந்நேரம் கிளம்சி ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்."

மிரேய் கத்தியைத் துடைத்து மடக்கினாள். பச்சைத் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். "சரி. நத்தை முன்னாடி போகுது. நீ சாப்பிட்டுட்டு வா" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

உடனே எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் ரோஷம் விடவில்லை. மிச்ச சீஸைத் தின்றார். குடுவையில் அவள் பங்குக் காப்பியையும் குடித்தார். வளைவு தாண்டினால் நின்றுகொண்டிருப்பாள் என்று கணக்குப் போட்டார். கிளம்பி வளைவைத் தாண்டினார். பாதை நீளத்துக்கும் ஆளே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, மூச்சுப் பிடித்து மிதித்தார். ஒரு மதகு வந்தது, போனது. இன்னொன்றும் போனது. அதற்குப் பிறகுதான் நின்று போன் செய்து பார்த்தார், அது பைக்குள் அடித்தது.

கிளம்சியில் ரயில் நிலையம் இருக்கிறது. பாரிஸில் மிரேயின் அக்கா இருக்கிறாள். அந்த அக்காவுக்கு அர்மானைக் கண்டால் ஆகாது. இந்த மூன்றையும் சேர்த்து யோசித்ததும் அவருக்கு வியர்த்தது.

கரையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, பச்சைத் தலைக்கவசம் போட்ட ஒரு அம்மா சைக்கிள்ல போனாங்களா?"

"மெதுவாப் பேசுங்க. மீன் ஓடிடும்."

"போனாங்களா?" என்று ரகசியம் போலக் கேட்டார் அர்மான்.

"போனாங்க. இப்பத்தான்."

"எப்படிப் போனாங்க?"

"சிரிச்சுக்கிட்டே போனாங்க."

அழுதுகொண்டே போனாள் என்று சொல்லியிருந்தால்கூட அர்மான் தாங்கியிருப்பார். தன்னிடமிருந்து விலகிப் போகிறபோது மிரேய் சிரித்துக்கொண்டு போனாள் என்பது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியாகத் தன்கூட இருக்கும்போது அவள் எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தார். வாத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் லேசாகச் சிரித்தாள்; அவர்தான் சிரிக்கவில்லை.

ஆறு அந்த இடத்தில் பெரிதாக வளைந்து போகிறது. குன்றின்மேல் ஏறிக் குறுக்கே இறங்கினால் அவளுக்கு முன்னால் போய் நின்றுவிடலாம் என்று வாத்தியார் மூளை சொன்னது. பாதையை விட்டு மேலே திரும்பினார்.

குன்று தூரத்திலிருந்து பார்க்கத் தலையணை மாதிரித்தான் இருந்தது. ஏறும்போதுதான் அதன் குணம் தெரிந்தது. திராட்சைக் கொடிகளுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நாக்கு வெளியே தொங்க, ஒருவழியாக உச்சிக்கு வந்தார். அங்கே ஒரு செர்ரி மரம் பழுத்துச் சிவந்து நின்றது. வெறுங்கையோடு போய் எப்படி மன்னிப்புக் கேட்பது? கைக்கெட்டிய கிளையைப் பிடித்து வளைத்தார்.

"மரம் என்னோடது" என்றது ஒரு குரல்.

டிராக்டரின் மேல் அகலமான தோள்களோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிக்கணும்மா. என் மனைவிக்குத்தான்..."

"எங்க அவங்க?"

"போயிட்டாங்க."

அந்தப் பெண்மணி டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கினாள். தொப்பியைக் கழற்றினாள். "ஐயோ பாவம். எப்போ?"

"இன்னிக்கு மதியம்."

"இன்னிக்கா!" அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "என்ன ஆச்சு?"

"நல்லாத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். சீஸ்..."

"தொண்டைல அடைச்சுக்கிச்சா?"

"இல்லம்மா! சைக்கிள்ல ஏறிப் போயிட்டா!"

அந்தப் பெண்மணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"நத்தைன்னு சொன்னேன்."

"என் புருஷன் என்னை டிராக்டர்ம்பான். நான் அவனை ஏத்திக் கொல்லல" என்றாள். அப்படிச் சொன்னாலும் ஒரு காகிதப் பை நிறையப் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தாள். "அந்தச் சரிவுல பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்குங்க. வேகமா மட்டும் போயிடாதீங்க."

வேகமாகப் போகாதே என்று ஜன்மத்தில் முதல்முறையாக ஒருவர் அவருக்குச் சொன்னார். கேட்டிருக்கலாம். பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குறுகிய சரிவில் விட்டார் ஒரு விடு. பாதியில் கல் ஒன்று குறுக்கிட்டது. சைக்கிள் ஒரு பக்கம், அர்மான் ஒரு பக்கம். செர்ரிப் பழங்கள் மட்டும் அவருக்கும் பூமிக்கும் நடுவில்.

எழுந்து பார்த்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தச் சிவப்பு. எதிரே வந்த இரண்டு பேர் அவரைப் பார்த்ததும் வழிவிட்டு வேலிக்குள்ளேயே போய்விட்டார்கள்.

கரைக்கு வந்து சேர்ந்தபோது தூரத்தில் பச்சைத் தலைக்கவசம் தெரிந்தது.

தண்ணீரைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசத்துக்குக் கீழே நரைத்த கூந்தல். அர்மான் சைக்கிளைப் புல்லில் போட்டார். முகத்தைப் பார்த்தால் வாய் பழையபடி பாடம் நடத்த ஆரம்பித்துவிடும் என்று அவருக்கே பயமாக இருந்தது. பின்னாலேயே நின்றுகொண்டார்.

"திரும்பாதே. திரும்பினா என்னால சொல்ல முடியாது. நத்தைன்னு சொன்னது தப்பு. ஆனா அது மட்டுமா? புதுசா கல்யாணம் ஆனப்போ வரைபடத்தை மடில விரிச்சு வச்சுக்கிட்டு இந்தக் கரையோரமாப் போகலாம்னு கேட்டே. அடுத்த கோடைல பாக்கலாம்னேன். அப்புறம் பள்ளில பரீட்சைன்னேன். அப்புறம் உனக்கு முழங்கால் வலி வந்துடுச்சு. இப்பக் கூட்டிக்கிட்டு வந்தும் உன்னை ஒரு இடத்துல நிக்க விடல."

முதுகு அசையவில்லை.

"உங்கம்மாவைப் புதைச்ச அன்னிக்கு, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன்னே. சாயங்காலம் ரோட்ல நெரிசலாயிடும்னு நான் போய் காரை ஸ்டார்ட் பண்ணிட்டேன். நீ ஒண்ணுமே சொல்லாம வந்து உக்காந்தே. அந்த இஞ்சின் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நீ ஏன் திட்டல? திட்டியிருந்தா... திட்டியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். இனிமே நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லு. நான் பக்கத்துல நிக்கறேன். மணியடிக்க மாட்டேன்."

அந்தப் பெண் மெதுவாகத் திரும்பினாள். கண் நிறையக் கண்ணீர். மிரேய் இல்லை.

"எவ்வளவு அழகாச் சொன்னீங்க..." என்று ஆரம்பித்தவள், அவர் சட்டையைப் பார்த்ததும் ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்படி அலறினாள்.

இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு ஒரு தடித்த மனிதர் ஓடி வந்தார். "யார்யா நீ? அவளை என்ன பண்ணினே?"

"செர்ரிப் பழம்!" என்றார் அர்மான், சட்டையைத் தூக்கிக் காட்டி. "வெறும் பழம்ங்க! என் மனைவின்னு நினைச்சு மன்னிப்புக் கேட்டுட்டேன்!"

அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "வில்லி, பெல்ஜியத்துலேர்ந்து இவ்வளவு தூரம் வந்தோம். வழில ஒரு தடவையாவது நீ என்கிட்ட இப்படிப் பேசினியா?"

"நான் ஐஸ்கிரீம் வாங்கத்தானே போனேன்!"

"கட்டின இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது?"

வில்லி அர்மானை முறைத்தார். ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டில் வழிந்தது. "ஐயா, உங்க மன்னிப்பை எடுத்துக்கிட்டு இங்கேருந்து கிளம்புங்க. இவளைச் சமாதானப்படுத்தவே எனக்கு ஒரு வாரம் ஆகும் போலிருக்கு."

போகிற போக்கில் அர்மான் ஒன்று மட்டும் கேட்டார். "அம்மா, நீங்க தூண்டில்காரர் ஒருத்தரைத் தாண்டி வந்தீங்களா? சிரிச்சுக்கிட்டு?"

"ஆமா. வில்லி சேத்துல வழுக்கி விழுந்தான். அதான் சிரிச்சேன்."

அப்படியானால் இவ்வளவு நேரமும் அவர் துரத்தியது இந்த அம்மாளைத்தான். மிரேய் எங்கே என்பது யாருக்கும் தெரியாது. விழுந்திருப்பாளோ? வேறு பாதையில் நிலையத்துக்கே போய்விட்டாளோ?

கொஞ்ச தூரத்தில் அடுத்த மதகு. அதற்குமேல் கால் வரவில்லை. மதகின் கல்விளிம்பில் உட்கார்ந்தார். கீழே கறுத்த தண்ணீர் அவசரமே இல்லாமல் கதவிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. மூன்று நாளில் முதல்முறையாக அதைப் பார்த்தார். மிரேய் என்ன பார்த்துக்கொண்டு நின்றாள் என்று ஏதோ கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் புரிய வேண்டுமா என்று நினைத்தபோது கண் கலங்கியது. கண்ணைத் துடைக்கப் போய் முகத்திலும் செர்ரிச் சிவப்பை அப்பிக்கொண்டார்.

ஆற்றின் வளைவிலிருந்து ஒரு பழைய படகு ஊர்ந்து வந்தது. சுக்கானைப் பிடித்திருந்த கிழவர் மதகுக்கு வெளியே வேகத்தைக் குறைத்து, கயிற்றைக் கரையில் எறிந்தார். அர்மானை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானே அர்மான்?"

அர்மான் துள்ளி எழுந்தார். "என் பேர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆத்தங்கரைல பாதிப் பேருக்குத் தெரியும். அந்தக் கத்துக் கத்தினாங்களே அந்த அம்மா."

"எந்த அம்மா? எங்க?"

"வளைவு தாண்டிக் கொஞ்ச தூரத்துல முதல்ல ஒரு மதகு வருமே, அங்க. தலைக்கவசத்தை மடில வச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. நீங்க குனிஞ்ச தலை நிமிராம அவங்களை உரசிக்கிட்டுப் போனீங்க. மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, திரும்பிக்கூடப் பாக்கல. படகுல ஏறுங்கம்மா, பிடிச்சுடலாம்னு நான் சொன்னேன். சிரிச்சாங்க." கிழவர் கயிற்றை இழுத்துக் கட்டினார். "'வேணாம், நான் இங்கேயே இருக்கேன். பாவம், என்னைத் தேடிக்கிட்டுத்தான் போறார். கல்யாணமான நாள்லேர்ந்தே என்னைத் தாண்டிப் போய்த்தான் என்னைத் தேடுவார்'னாங்க."