இயக்குநர் கடைந்த பூஜாடி

உள்ளே ஒன்றும் இல்லாமல், வெளியே பளபளப்பாக ஒரு பொருளை உருவாக்குவதில் எங்கள் துறைக்கு முப்பதாண்டு அனுபவம் உண்டு. ஆனால் அதை மரத்திலும் செய்து காட்டிய பெருமை எங்கள் இயக்குநர் கிருஷ்ணபிரசாத் அவர்களையே சாரும். அந்தச் சாதனையைப் பதிவேட்டில் ஏற்றிய பாக்கியசாலி, பிரிவு அதிகாரியான நான்.

தில்லியில் அதிகாரிகளுக்கு மன அழுத்தம் கூடிவிட்டதென்று மேலிடம் கண்டுபிடித்தது. உடனே அலுவலகத்தின் பின்கட்டில் 'மனமகிழ் கைத்தொழில் மையம்' திறந்து, ஒரு கடைசல் எந்திரத்தை நிறுத்தினார்கள். மரக்கட்டை சுழலும், மனிதர் அசையாமல் நின்று உளியைப் பிடிக்க வேண்டும். எங்களிடம் கோப்புகள் சுழல, மனிதர்கள் அசையாமல் இருப்பது பழகிய ஒன்றுதான்.

இயக்குநர் எடுத்த எடுப்பிலேயே பூஜாடியில் இறங்கினார். முதல் கட்டையில் அடிவரை ஓட்டை விழுந்தது. 'காற்றோட்ட வசதியுள்ள மாதிரி' என்று பதிவு செய்தேன். இரண்டாவது, பிடியிலிருந்து கழன்று சன்னல் வழியாக வெளியேறியது. 'இடமாற்றம்' என்று எழுதினேன். மூன்றாவது பிளந்தது. அதற்கு விசாரணைக் குழு அமைத்தோம்.

மிச்சம் இருந்தது ஒரே கட்டை. அதை மரச்சுருள் கூட்டும் தினக்கூலிப் பெண் முத்துமாரி என்னிடம் கேட்டு வாங்கினாள். கீர்த்தி நகரில் கட்டில் கால் கடையும் பட்டறையில் எட்டு வருடம் எந்திரத்தின் முன் நின்றவள். மையத்துக்கு ஒரு பயிற்றுநர் வேண்டும். தானே கடைந்த பூஜாடி ஒன்றை வெள்ளிக்கிழமை தேர்வுக் குழுவிடம் காட்டினால் வேலை நிரந்தரம் என்று அறிவிப்பு வந்திருந்தது.

மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் கடைந்தாள். ஆழம் பார்க்கத் துடைப்பக் குச்சியில் நூல் கட்டியிருந்தாள். நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன்.

"எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"

"தட்டிப் பாத்தா சத்தம் மாறும் சார். அப்ப விட்டுறணும். இன்னும் கொஞ்சம்னு ஆசைப்பட்டா ஓட்டைதான்."

வியாழக்கிழமை அவள் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் வந்தார்.

"அச்சா. இது என் நாலாவது கட்டைதானே?"

"கட்டை உங்களுதுங்க சார். கடைஞ்சது நானு."

"நீ என்ன சேர்த்தே இதுலே? உள்ளே இருந்ததை வெளியே எடுத்தே, அவ்வளவுதானே? பாக்கி இருக்கிறது என்னோடது."

"நாளைக்கு எனக்கு இன்டர்வியூங்க சார். இதைத்தான் காட்டணும்."

"வேற ஒண்ணு பண்ணிக்கோ. ஜல்தி."

"கட்டை தீந்துபோச்சுங்க."

முத்துமாரி என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டைப் பார்த்தேன். 'படைப்பு: இயக்குநர். நேரில் கண்ட சாட்சி: பிரிவு அதிகாரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் படிவத்தில் வெட்கத்துக்குக் கட்டம் இல்லை.

மறுநாள் மாலை சாணக்யபுரி விருந்தினர் இல்லத்தில் இயக்குநருக்குப் பாராட்டு விழா நடத்தத் தமிழ் ஊழியர் சங்கம் அன்றே முடிவு செய்தது. பித்தளைத் தகட்டில் தமிழ் வாசகம் வேண்டும். இயக்குநர் தில்லியில் பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது.

"இந்த மிஷின்லே பண்றதுக்குத் தமிழ்லே என்ன?"

"கடைதல், சார்."

"உள்ளே இருக்கிறதை வெளியே கொண்டு வர்றது?"

"எடுத்தல்."

"ரெண்டையும் சேர்த்து, இப்படிச் செஞ்ச அதிகாரின்னு என் பேரைப் போடுங்க. தகட்டிலே இடம் கம்மி, ஒரே வார்த்தையா எழுதுங்க."

அந்த ஒரே வார்த்தைக்குப் பக்கத்தில் 'அயோக்கியன்' என்ற சொல் நிரந்தரப் பணியில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் மேலதிகாரியின் உத்தரவை நான் ஒருநாளும் மீறியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை தேர்வுக் குழு முத்துமாரியை இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டது. காட்ட அவளிடம் ஜாடி இல்லை. மாலை விழாவில் ஜாடியைத் தூக்கி வந்து மேசையில் வைக்கும் வேலையை மட்டும் கொடுத்தார்கள்.

தகட்டை மூடியிருந்த திரை விலகியது. 'கடைந்தெடுத்த அதிகாரி கிருஷ்ணபிரசாத்.' அரங்கம் ஒருமுறைக்கு இருமுறை படித்தது. பிறகு எழுந்த கைதட்டல் ஐந்து நிமிடம் ஓயவில்லை. சிலர் கண்ணீரே விட்டார்கள். இயக்குநர் மூன்று முறை கும்பிட்டார்.

"நம்ம ஜனங்களுக்கு இவ்வளவு ரசனையா?" என்று என் காதில் நெகிழ்ந்தார்.

முத்துமாரி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்ட பெருமிதத்தோடு பக்கத்தில் போனேன்.

"நான் எழுதினதுதான்மா."

அவள் முந்தானையால் ஜாடியை ஒருமுறை துடைத்துத் திரும்ப வைத்தாள்.

"நல்லா இருக்குங்க சார். தகடு மிச்சம் இருந்தா உங்க பேருக்கும் ஒண்ணு அடிச்சுக்குங்க."

தகடு மிச்சம் இருந்தது.