ஆட்டுக்குச் சாம்பிராணி போட்டவன்

சொன்னதை மட்டும் செய்கிறவனுக்கு வேலை நிலைக்கும். சொல்லாததையும் அக்கறையாகச் செய்கிறவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை உங்கள் அப்பாவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பத்தாவது பாஸான கையோடு (ஆமாம், பாஸ்தான், உங்கம்மா சொல்வதை நம்ப வேண்டாம்) பூந்தமல்லியைத் தாண்டி ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் ஆடு பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஆட்கள் திருமழிசையில் லுங்கி கட்டிக்கொண்டு ஆடு மேய்த்தார்கள். நான் பேன்ட் போட்டுக்கொண்டு மேய்த்தேன். அதற்குப் பெயர் முன்னேற்றம்.

பல் காலேஜில் ஆடு எதற்கு என்று கேட்பீர்கள். மேல் கடைவாய்ப் பல் விழுந்துபோனால், அங்கே எலும்பில் ஒரு திருகாணியை முடுக்கி அதன்மேல் புதுப் பல் கட்டலாம். ஆனால் அந்த எலும்புக்கு மேலே, கன்னத்துக்குள், மூக்கோடு சேர்ந்த ஒரு காற்று அறை இருக்கிறது. சிலருக்கு எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்துவிடும், திருகாணி நிற்காது. அப்போது அந்த அறையின் உள்தோலை மெல்லத் தூக்கி, அடியில் எலும்புத் தூளை நிரப்பிவிட்டால் சில மாதங்களில் இறுகிக் கெட்டியாகிவிடும். சுவரில் ஆணி ஆடினால் ஓட்டையில் சிமென்ட் அடைத்துக் காய விடுகிறோமே, அதேதான். மனிதனுக்குச் செய்யும் முன் செம்மறி ஆட்டுக்குச் செய்து பார்த்தார்கள். (எந்த ஆடும் பல் கட்டச் சொல்லி மனுப் போடவில்லை.)

எங்கள் டாக்டரம்மா ஓர் ஆட்டுக்கு மயக்க மருந்து கொடுத்து, தூளை வைத்துத் தைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “இதுக்குச் சளி பிடிக்கக் கூடாது. தும்முனா உள்ள வெச்சதெல்லாம் வெளிய வந்துடும். ஆராய்ச்சி நல்லபடியா முடியட்டும், உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே பேசறேன்.”

பர்மனென்ட் என்ற சொல்லுக்கு எனக்கு வேறு பொருள் இருந்தது. கோவில்பதாகையில் ஒரு பெண்ணைப் பார்த்துவைத்திருந்தார்கள். (உங்கம்மாதான். வேறு யாருமில்லை.) அவள் அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். “வேலை பர்மனென்ட் ஆகட்டும் தம்பி, தேதி பாத்துடலாம்” என்று சொல்லியிருந்தார். ஆக, என் கல்யாணம் ஓர் ஆட்டின் கன்னத்துக்குள் இருந்தது.

ஒரு வாரம் போனது. பம்பாயிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் ஆட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ஆடு ஆடு மாதிரியே நாறியது. பம்பாய்க்காரர் முன்னால் இப்படி நிறுத்தலாமா? தையலில் ஒரு சொட்டுப் படாமல், வெந்நீரில், சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். வாட்ச்மேன் கன்னியப்பன் எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா, ஆட்ட பொண்ணு பாக்க வராங்களா?”

“பெரிய டாக்டர் வராரு அண்ணாத்தே.”

“அப்ப ரெண்டு முழம் பூவும் வெச்சு வுடு. காப்பி டம்ளர் தூக்கிகினு வருமா?”

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அப்போது திக்கென்றது. ஆடு நனைந்திருக்கிறது, சளி பிடிக்குமே. நம் வீட்டில் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்காமல் என்ன செய்வோம்? கேன்டீனில் தணல் வாங்கி வந்து, காற்றுப் படாமல் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கைநிறைய சாம்பிராணியைப் போட்டேன். ஆராய்ச்சி உலகில் இந்த யோசனை அதுவரை யாருக்கும் தோன்றாததை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கதவு திறந்தது. புகைக்குள் டாக்டரம்மாவும் பேராசிரியரும் நின்றார்கள். பேராசிரியர் பாவம், ஆட்டின் முகத்தைப் பார்க்கக் குனிந்தார். அது தும்மியது. ஒன்றல்ல, வரிசையாக. அவருடைய டையில் ரவை தூவியது மாதிரி வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியது.

“இது என்ன?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“எலும்பு சார். மேடம் வெச்சது” என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவரும் தும்ம ஆரம்பித்தார்.

“சாம்பிராணி யார் போடச் சொன்னது?” டாக்டரம்மாவின் குரல் உயரவே இல்லை.

“நீங்கதான் மேடம், சளி பிடிக்கக் கூடாதுன்னு...”

“தப்பு என்மேலதான். ஆட்டை வேலைக்கு வெச்சுகிட்டு ஆபரேஷனை உனக்குப் பண்ணியிருக்கணும்.”

ஆட்டை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். என்னையும்தான். ஆட்டுக்காவது மருந்து கொடுத்தார்கள்.

மற்றவர் சொல்லித் தெரிவதற்குள் நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று அன்று மாலையே கோவில்பதாகைக்குப் போனேன். உங்கள் தாத்தா முழுவதையும் கேட்டுவிட்டு யோசித்தார்.

“ஆட்டுத் தலையை நல்லாத் துவட்டுனீங்களா?”

“ரெண்டு துண்டுலங்க.”

அவர் உள்பக்கம் திரும்பி உங்கள் பாட்டியிடம், “ஏம்மா, இவரையே முடிச்சிடலாம். வேலை வேற தேடிக்கலாம். ஆட்டையே இப்பிடிப் பாத்துக்கிட்டவரு, நம்ம புள்ளையக் கைவிட மாட்டாரு” என்றார். உள்ளேயிருந்து அடக்க முடியாத சிரிப்புத்தான் வந்தது. உங்கம்மாவின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான்.

மற்ற வீடுகளில் யாராவது தும்மினால் ‘நூறாயுசு’ என்கிறார்கள். நம் வீட்டில் மட்டும், செய்கிற வேலையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் உங்கம்மா ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று இப்போது புரிந்திருக்கும்:

“எலும்பு ஏதாவது வந்துச்சா பாருங்க.”