தீப்பெட்டிக்குள் குடல்

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஏற்காட்டுக் கடைத்தெருவில் தீப்பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. அடுப்பு பற்றவைக்க அல்ல, மலம் எடுத்துப்போக! கரடியூரில் குடல்சாமி என்று ஒருவர் முளைத்திருந்தார். பக்தர் தம் மலத்தைத் தீப்பெட்டியில் கொண்டுபோனால், சாமி அதைக் காதோரம் குலுக்கிப் பார்த்துக் குடலில் உள்ள கோளாறைச் சொல்லிவிடுவார். பெட்டியைத் திறக்கமாட்டார். முற்றும் துறந்தவருக்கும் மூக்கு இருக்கிறதே. வரிசையில் குல்லாவும் சிலுவையும் திருநீறும் தோளோடு தோள் நின்றன. மத ஒற்றுமைக்கு மாநாடு போட்டவர்களுக்கு இந்த வழி தோன்றவில்லை.

பாத்திரக்கடை நூர் முகமதும் அதில் நின்றார். மூன்று வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரில் அவருடைய பெருங்குடலில் இருந்து சதைமொட்டுகளை எடுத்திருந்தார்கள். மறுபடி முளைக்கலாம், விட்டுவிட்டால் புற்றாகலாம், மூன்றாம் வருஷம் வந்து குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். குழாய் எந்த வழியாகப் போகும் என்பதை நூர் முகமது மறக்கவில்லை. சாமியே பார்த்துவிட்டால் மானம் மிச்சமல்லவா?

டாக்டரிடமே போகலாம் என்று மனைவி ஹலீமா சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனாள். கடைசியில், பெட்டியை நானே எடுத்துவருகிறேன் என்று கூடவே கிளம்பினாள்.

சாமி குலுக்கினார், கண்ணை மூடினார்.

"குடல் கண்ணாடியாட்டம் இருக்குதுங்க பாய். குழாயெல்லாம் வேண்டாமுங்க."

ஹலீமா பெட்டியை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி திறந்தாள்.

"இது காலையில எங்க ஊட்டுல வடிச்ச காப்பித்தூள் சக்கைங்க. அவரு குடுத்ததைக் குழியில கொட்டிட்டுத்தான் வந்தேன்."

காப்பிக்கும் குடலுக்கும் சூட்சும உறவு உண்டு என்று சாமி ஆரம்பித்தார். கேட்க ஆளில்லை. கூட்டம் கையிலிருந்த பெட்டிகளை அவர்மேலேயே வீசியது. உள்ளே இருப்பதைச் சாமி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

நூர் முகமது அப்போதும் அடங்கவில்லை. கோயம்புத்தூர் போய், ஆஸ்பத்திரி லேபிலேயே மலத்தைச் சோதித்தால் போதாதா என்று டாக்டரிடம் கெஞ்சினார். சோதித்தார்கள், ரத்தம் இல்லை என்று வந்தது. அவர் செருப்பைத் தேடினார்.

"உட்காருங்க," என்றார் டாக்டர். "அது ரத்தம் கசியுதான்னு மட்டும்தான் சொல்லும். கசியாத மொட்டு அதுக்குத் தெரியாது. ஒருதடவை மொட்டு எடுத்தவருக்கு உள்ளே பார்த்தாத்தான் நிச்சயம்."

பார்த்தார்கள். பழையதைவிடப் பெரிதாக ஒன்று, சொட்டு ரத்தம் கசியாமல் உட்கார்ந்திருந்தது. அப்போதே எடுத்தார்கள், புற்றாகவில்லை. ஹலீமா வராந்தாவில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

குடல்சாமி இப்போது மஞ்சக்குட்டையில் இருக்கிறாராம். பெட்டிகூட வேண்டாமாம், பெயர் சொன்னாலே போதுமாம். அங்கேயும் வரிசை நிற்கிறது. டாக்டரிடம் பின்பக்கத்தைக் காட்டக் கூசுகிறவர்களே, சாமியாரிடம் மூளையைக் கழற்றி வைக்க மட்டும் உங்களுக்கு ஏன் கூசவில்லை?